தொகுதி இல்லாத தலைவர்: பதியுத்தீன் மஹ்மூதும் கண்டி மலையின் முஸ்லிம் அரசியலும்

இலங்கையின் கல்வி அமைச்சராக இரண்டு முறை பதவி வகித்த பதியுத்தீன் மஹ்மூத், பாராளுமன்றத் தேர்தல் எதிலும் வென்றவரல்லர். 1960இலும் 1970இலும் அவர் நியமனத்தின் வழியேதான் அமைச்சரவைக்குள் வந்தார். 1977இல் மட்டக்களப்பில் போட்டியிட்டுத் தோற்றார். அத்தோடு அவருடைய அதிகார வாழ்வும் முடிந்தது. ஆயினும் மத்திய மலைநாட்டு முஸ்லிம் ஊர்களில் பள்ளிக்கூடப் பேச்சு எழும் இடத்தில் அவர் பெயரும் நன்றியோடு எழும். கண்டி நகரின் முஸ்லிம் பெண்கள் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்திலோ அதே பெயர் பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலோடு சேர்த்துக் கசப்போடு சொல்லப்படுகிறது. இந்த இரண்டு நினைவுகளும் உண்மையானவை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் வாதம். தனக்கென ஒரு தொகுதி இல்லாமல் சிதறிக் கிடந்த சமூகம் பள்ளிக்கூடத்தையே தன் தொகுதியாக்கிக்கொண்டது. அதனால் பள்ளி அதிபரே அதன் அரசியல் தலைவராகவும் ஆனார். ஆனால் நியமனத்தில் வந்த அதிகாரத்தைக் கொண்டு நியமித்தவரை எதிர்த்து நிற்க முடியவில்லை.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் புகையிரதப் பாதையில் இருக்கும் வத்தேகமவை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் கண்ணுக்குப் புலப்படும். நகரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் எண்ணினால் சிங்களவரே பெரும்பான்மை. கண்டிப் பக்கம் சில மைல் போனால் மடவளை பஸார், முஸ்லிம்கள் அடர்ந்து வாழும் ஊர். வடகிழக்கே பன்வில, மடுல்கலை என்று நக்கிள்ஸ் மலையடிவாரம் நோக்கி ஏறினால் தேயிலைத் தோட்டங்களும் லயங்களும். இப்படியே அக்குறணை, கல்ஹின்னை, உக்குவளை, கலகெதர, கம்பளை என்று முஸ்லிம் ஊர்கள் மலைநாடு முழுவதும் தனித்தனியே கிடக்கின்றன. ஒவ்வொன்றும் கடைத்தெருவும் பள்ளிவாசலும் பாடசாலையுமாக நிறைவான ஊர்தான். ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே வேறொரு சமூகத்தின் வயலும் தோட்டமும் இருந்தன. 1947இல் வத்தேகம ஒரு தேர்தல் தொகுதியாக இருந்தபோது அதன் உறுப்பினரானவர் ஏ. ரத்நாயக்க. இலவசக் கல்விப் போராட்டத்தில் கன்னங்கராவுக்குத் துணைநின்ற, மதிப்புக்குரிய மனிதர் அவர். மடவளை வாக்காளருக்கு அவரைத் தேர்ந்தெடுக்க உதவ முடியும்; தம்மில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. தொகுதிக்கு ஓர் ஆசனம் என்ற பிரித்தானியத் தேர்தல் முறையில், நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேராக எங்கும் பரவிக் கிடந்த ஒரு சமூகத்தின் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தது. வடக்கில் தமிழரசுக் கட்சிக்கு நிலம் இருந்தது, நிலத்தோடு தொகுதிகளும் இருந்தன. கண்டி முஸ்லிமுக்கு அது இல்லை.

அப்படியானால் என்ன இருந்தது? கண்டியில் 1838இல் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை தந்த விடை அவர் காலத்துக்கு வெகுவாக முந்தியது. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அவர், தம் சமூகத்தைப் பின்னுக்கு இழுப்பது வறுமையைவிடக் கல்வியின்மையே என்று விடாமல் எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வந்திருந்த ஒராபி பாஷாவின் செல்வாக்கும் சேர, கொழும்பு மருதானையில் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மத்ரஸா 1892இல் எழுந்தது. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்றே அவர் பள்ளி திறந்தார். அந்தக் காலத்தில் அதைவிடத் துணிச்சலான காரியம் அவர் செய்திருக்க முடியாது. அவர் 1898இல் மறைந்து பதினேழு ஆண்டுகளில், கம்பளைப் பெரஹர ஊர்வலத் தகராறில் கருக்கொண்ட பகை 1915 மே மாத இறுதியில் கண்டித் தெருக்களில் கலவரமாக வெடித்து மாகாணம் மாகாணமாகப் பரவியது. கடையை நம்பி வாழும் சமூகம் ஒரே இரவில் எதை இழக்கக்கூடும் என்பதை அந்தக் கலவரம் காட்டிற்று. எரிக்க முடியாத சொத்து எது என்ற கேள்விக்குச் சித்திலெப்பை சொன்ன பதிலுக்கு அதன் பிறகுதான் பரவலாகச் செவி கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பதிலைக் கையில் எடுத்தவரும் கண்டி மண்ணைச் சேர்ந்தவரே. கண்டியிலிருந்து குருநாகல் போகும் வழியில் உள்ள கலகெதரவில் 1890இல் மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர் ரி.பி. ஜாயா. கண்டி தர்மராஜாவிலும் கொழும்பு ஆனந்தாவிலும், அதாவது பௌத்த மறுமலர்ச்சியின் பாசறைகளான பள்ளிகளில், ஆசிரியராக இருந்தவர். ஒரு சமூகம் பள்ளியின் வழியே எப்படித் தலைநிமிர்கிறது என்பதை அங்கே அருகிலிருந்து பார்த்தவர். 1921இல் அவர் பொறுப்பேற்றபோது ஸாஹிராவில் அறுபது மாணவர்கூட இல்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதிபராக இருந்து அதை நாட்டின் முன்வரிசைக் கல்லூரிகளில் ஒன்றாக்கினார். கம்பளை உட்பட வெளியூர்களில் கிளைகளையும் நிறுவினார். அதே காலத்தில் அவர் சட்டசபையில் இருந்தார், பிறகு அரசாங்க சபையில் இருந்தார், அகில இலங்கை முஸ்லிம் லீக்கின் தலைவர்களில் ஒருவராக இருந்தார். 1947இல் மூன்று ஆசனங்கள் கொண்ட மத்திய கொழும்பில் வென்று தொழில், சமூகசேவை அமைச்சரானார். மத்திய கொழும்பு என்பதைக் கவனிக்க வேண்டும். கலகெதரவில் பிறந்தவர் கலகெதரவில் நின்றிருந்தால் வென்றிருக்க மாட்டார். பல ஆசனத் தொகுதியும் ஸாஹிராவின் பழைய மாணவர் கூட்டமும் இருந்த இடத்தில்தான் அது நடந்தது. டி.எஸ். சேனாநாயக்கவின் டொமினியன் அந்தஸ்துக் கோரிக்கையை ஜாயா ஆதரித்தார். தனிச் சலுகை கேட்டுப் பேரம் பேசாமல் பெரும்பான்மையோடு சேர்ந்து நிற்பது என்ற வழியை முதலில் போட்டவர் அவர்.

ஜாயா நிறுவிய கம்பளைக் கிளைக்கு அதிபராக வந்தவர்தான் பதியுத்தீன் மஹ்மூத். 1904இல் தெற்கே மாத்தறையில் பிறந்து, இந்தியாவின் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அலிகாரிலிருந்து அவர் பட்டத்தோடு வேறொன்றும் கொண்டுவந்தார். ஒரு கல்லூரி வளாகத்திலிருந்து ஒரு சமூகத்தின் அரசியலையே உருவாக்க முடியும் என்று அலிகாரின் நிறுவனர் சையித் அஹ்மத் கான் காட்டிச் சென்ற நம்பிக்கை அது. கம்பளை அதற்கு ஏற்ற களம். கொழும்புச் செல்வந்தரின் பிள்ளைகளல்ல, மலைநாட்டுச் சில்லறைக் கடைக்காரர், சிறு விவசாயி, வண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்தார்கள். ஸாஹிராவில் ஓர் ஆசிரியர் இருபது வருடம் பாடம் நடத்தினால், அவரிடம் படித்தவர்கள் அந்த வட்டாரத்து ஊர்கள் தோறும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கடை முதலாளியாகவும் பரவியிருப்பார்கள். தேர்தல் ஆணையாளர் எல்லை போட்டுத் தராத தொகுதி அது. அந்த வலைப்பின்னலைக் கையில் வைத்துக்கொண்டுதான், 1951இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது பதியுத்தீன் அதன் இணைச் செயலாளர்களில் ஒருவரானார். கொழும்பு முஸ்லிம் பிரமுகர்கள் பெரும்பாலும் ஐக்கிய தேசியக் கட்சியின் நிழலில் நின்ற காலத்தில் ஒரு பள்ளி அதிபர் எடுத்த இந்த முடிவு சாதாரணமானதல்ல.

முஸ்லிம் அரசியலை நடத்தியவர்கள் வியாபாரிகளும் நிலச்சுவாந்தர்களும்தானே, ஆசிரியர்களை ஏன் பெரிதுபடுத்த வேண்டும் என்று கேட்கலாம். சேர் ராசிக் பரீத், டாக்டர் எம்.சி.எம். கலீல் போன்றோரின் செல்வாக்கு ஆசிரியர் தொழிலில் வந்ததல்ல. குடும்பம், செல்வம், கொழும்புத் தொடர்பு ஆகியவற்றில் வந்தது. இது சரியே. ஆனால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் அங்கும் பள்ளிக்கூடமே முன்னால் நிற்கும். ராசிக் பரீத் வாழ்நாள் முழுவதும் முஸ்லிம் பாடசாலைகளுக்காகவே அதிகம் போராடினார். பணம் படைத்தவருக்கும் அரசியல் செய்யக் கிடைத்த பொருள் கல்விதான் என்றால், அது என் வாதத்தைத் தளர்த்தாது, இறுக்கவே செய்யும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. கண்டி மாவட்டத்திலேயே அக்குறணையில் ஏ.சி.எஸ். ஹமீத் 1960இல் மக்கள் வாக்கில் வென்றாரே, 1977இல் வெளிநாட்டு அமைச்சராகவும் உயர்ந்தாரே என்பது அது. ஆம், வென்றார். ஆனால் அக்குறணை அப்போது இரண்டு ஆசனத் தொகுதி. சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே வகுக்கப்பட்ட விதிவிலக்குகளில் அது ஒன்று. நாடு முழுவதும் இரண்டு ஆசனத் தொகுதிகள் நான்குதான். அக்குறணைக்குக் கிடைத்தது மடவளைக்கும் கலகெதரவுக்கும் கம்பளைக்கும் கிடைக்கவில்லை.

ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர்களெல்லாம் ஒரே வழியில் போனார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஜாயாவுக்குப் பின் 1948இல் கொழும்பு ஸாஹிராவின் அதிபரான ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்தவர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். செனட் சபை உறுப்பினர். 1956இல் சிங்களம் மட்டும் என்ற கொள்கையை ஐக்கிய தேசியக் கட்சியும் ஏற்றுக்கொண்டபோது அவர் அக்கட்சியை விட்டு விலகினார். தமிழில் படித்து, தமிழில் எழுதி, தமிழில் கற்பித்த ஒரு சமூகத்தின் அதிபர் வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்று கேட்கத் தோன்றும். ஆனால் பதியுத்தீன் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியிலேயே இருந்தார். இருவருமே பள்ளிக்கூடத்தை உயிராக நினைத்தவர்கள். வேறுபாடு அவர்களின் குணத்தில் இருந்ததைவிட அவர்கள் நின்ற இடத்தில் அதிகம் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தவருக்குத் தமிழ் ஒரு நிலத்தின் மொழி. கம்பளையிலிருந்து பார்த்தவருக்கு அது வீட்டின் மொழி; வாசலுக்கு வெளியே சந்தையும் பொலிஸ் நிலையமும் கச்சேரியும் சிங்களத்தில் இயங்கின. அஸீஸின் முடிவே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. ஆனால் 1915 நடந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் எச்சரிக்கையை வெறும் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்ததும் பதியுத்தீன் கல்வி அமைச்சரானார். அரசின் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளையும் பிற சமயப் பாடசாலைகளையும் அரசு கையேற்கும் சட்டங்கள் அவர் கையால்தான் 1960இலும் 1961இலும் வந்தன. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவும் பகலும் காவல் இருந்தனர். அந்தப் பழியைச் சுமக்கப் பௌத்தரல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தது அரசுக்கு வசதியாக இருந்தது என்று நம்ப இடமுண்டு. சிறுபான்மையினர் ஒருவரை இன்னொரு சிறுபான்மையினருக்கு முன்னால் நிறுத்தும் இந்த முறை அவர் வாழ்வில் மறுபடியும் வரும். மறுபுறம் முஸ்லிம் சமூகம் அடைந்த நன்மையும் சிறிதல்ல. ரமழான் விடுமுறையோடு தனி நாட்காட்டி கொண்ட முஸ்லிம் அரசாங்கப் பாடசாலைகள் உறுதிப்பட்டன. முஸ்லிம் ஆசிரியர்களும் அறபு கற்பிக்கும் மௌலவிமாரும் அரசு ஊதியத்தில் நியமனம் பெற்றனர். சித்திலெப்பை காலத்தில் ஒரு பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே பேச்சாக இருந்த ஊர்களில், ஆசிரியையாக வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு தலைமுறைக்குள் தோன்றினார்கள். கடைக்கு வெளியே ஒரு மாதச் சம்பளம் என்பதைப் பல குடும்பங்கள் முதன்முதலில் கண்டது ஆசிரியர் நியமனத்தில்தான்.

1960களின் பிற்பகுதியில் எதிர்க்கட்சியில் இருந்தபோது அவர் இஸ்லாமிய சோஷலிச முன்னணியை அமைத்தார். பெயரைப் பார்த்தால் தனிக் கட்சி. உண்மையில் அது சுதந்திரக் கட்சியின் பக்கம் முஸ்லிம் வாக்குகளைத் திரட்டித் தரும் இயக்கமாகவே செயற்பட்டது. நாசரின் எகிப்தும் அறபு சோஷலிசமும் உலக முஸ்லிம் இளைஞரை ஈர்த்த காலம் அது. அந்த ஈர்ப்பை இடதுசாரிக் கூட்டணியோடு இணைத்தது முன்னணியின் கெட்டித்தனம். 1970இல் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐ வென்றபோது பதியுத்தீன் மறுபடியும் கல்வி அமைச்சரானார். இம்முறை எல்லாம் பெரிய அளவில் நடந்தது. பாடசாலை சேரும் வயது ஆறாக்கப்பட்டது; பழைய சாதாரண தரப் பரீட்சையின் இடத்தில் புதிய தேசியக் கல்விச் சான்றிதழ் வந்தது; கணிதமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயமாயின; தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுந்தன. அடுத்த அரசு இவற்றில் பலவற்றைக் கலைத்துவிட்டது. அவற்றின் நன்மை தீமை தனியாகப் பேசவேண்டிய விடயம்.

அந்த அமைச்சில்தான் தரப்படுத்தலும் வந்தது. 1971 பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்துக்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வைக்கப்பட்டன. மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. 1970இல் பொறியியல் பீடத்தில் நூற்றுக்கு நாற்பதளவில் இருந்த தமிழர் பங்கு நான்கே ஆண்டுகளில் பதினாறளவுக்கு இறங்கியது. அந்த வீழ்ச்சியிலிருந்து எழுந்த கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை இந்த நாடு முப்பது வருடம் அனுபவித்தது. அது அமைச்சரவையின் முடிவு, அவர் ஒருவரின் முடிவல்ல என்று அவர் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. சிங்கள அரசியலின் அழுத்தமே அதற்கு மூலம் என்பதும் மெய். ஆனாலும் கையொப்பம் அவருடைய அமைச்சின் கையொப்பம். பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க முடியாது. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. மடவளையிலும் அக்குறணையிலும் கம்பளையிலும் முஸ்லிம் பிள்ளைகள் உயர்தரம் படித்தது பெரும்பாலும் தமிழில். எனவே 1971இன் 250 புள்ளி அவர்களுக்கும்தான். தாம் அதிபராக இருந்த கல்லூரியின் மாணவனுக்கே பாதகமாக இருந்த ஒரு விதியை அந்த முன்னாள் அதிபரால் தடுக்க முடியவில்லை. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய பகுதி முஸ்லிம்களுக்குச் சில கதவுகளைத் திறந்தது என்று வாதிடலாம். திறந்தது உண்மை. முதல் வருடத்து அநீதியை அது நியாயமாக்கிவிடாது.

வத்தேகமவுக்கு மேலே மலையேறினால் இதே கதையின் இன்னொரு பக்கம் தெரியும். 1960–61இல் பாடசாலைகளை அரசு கையேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. குடியுரிமை பறிக்கப்பட்ட தொழிலாளரின் பிள்ளைகள், தோட்டத்துரையின் தயவில் நடந்த ஓராசிரியர் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, அந்த ஆட்சியின் கடைசிக் காலத்தில்தான் அப்பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. முழுமையாக முடிய மேலும் பல வருடங்கள் சென்றன. பதியுத்தீனின் கல்வி அரசியல் தன் சமூகத்துக்குச் செய்ததை, அதே தமிழில் படித்த பக்கத்து மலைப் பிள்ளைகளுக்குச் செய்யவில்லை. அவரை மட்டும் குறை சொல்வது எளிது. வாக்குரிமையே இல்லாத மக்களுக்காக அமைச்சரவையில் யார் பேசினார்கள்? ஆனால் அமைச்சர் ஓர் ஆசிரியர் என்பதால், இந்தக் குறை மற்றவர்களின் குறையைவிடக் கனமாகவே தெரிகிறது.

நியமனத்தின் விலை முழுதாக வெளிப்பட்டது 1976 பெப்ரவரியில். புத்தளத்தில் பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டு முஸ்லிம்கள் மாண்டனர். பாராளுமன்றத்தில் அதைக் கண்டித்துக் குரல் கொடுத்தவர் தமிழரசுக் கட்சியின் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். அவரும் ஒரு காலத்தில் கொழும்புப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர்தான். ஆளுங்கட்சியில் இருந்த முஸ்லிம் தலைமையிடமிருந்து அதற்கு ஈடான குரல் வரவில்லை. செல்வநாயகத்துக்குக் காங்கேசன்துறை இருந்தது. பதவியைத் தூக்கியெறிந்து இடைத்தேர்தலில் நின்று 1975இல் மறுபடி வென்று காட்டியவர் அவர். பதியுத்தீனுக்குத் திரும்பிப் போக ஒரு தொகுதி இல்லை. அடுத்த வருடம் அவர் கம்பளையிலோ கண்டியிலோ நிற்காமல், முஸ்லிம் வாக்கு திரண்டிருக்கும் மட்டக்களப்பைத் தேடிப் போனதும் அதனால்தான்.

1978 அரசியலமைப்பு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. விகிதாசார முறையில் மாவட்டமே தொகுதியானதால், மடவளை, அக்குறணை, கலகெதர, கம்பளை வாக்குகள் முதன்முறையாக ஒரே பெட்டியில் சேர்ந்து எண்ணப்பட்டன. 1980களில் கிழக்கில் எழுந்த ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் நிறுவனர் எம்.எச்.எம். அஷ்ரப் வழக்கறிஞர். 2000இல் அவர் மறைந்தபின் தலைவரான ரவூப் ஹக்கீமும் வழக்கறிஞர். கண்டி மாவட்ட வாக்கிலேயே பலமுறை பாராளுமன்றம் சென்றவர். பள்ளி அதிபரின் இடத்தை நீதிமன்றம் பழகியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாக்கில் வந்த தலைவர்கள் இருந்தும் 2018 மார்ச்சில் திகனையும் தெல்தெனியவும் அக்குறணையும் எரிந்ததே என்று கேட்பது நியாயமான கேள்வி. எரிந்தன; அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் 2019 ஜூன் 3ஆம் திகதி, முஸ்லிம் ஆளுநர்களையும் அமைச்சரையும் நீக்கக் கோரித் தலதா மாளிகைக்கு முன்னால் அத்துரலியே ரதன தேரர் நடத்திய உண்ணாவிரதத்தை அடுத்து, அரசில் இருந்த முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் கட்சி பாராமல் ஒன்றாகப் பதவி விலகினார்கள். சிலர் சில வாரங்களிலேயே திரும்பிப் பதவியேற்றதும் உண்டு. அமைச்சு போனபோதும் பாராளுமன்ற ஆசனம் அவர்களிடமே இருந்தது. பதியுத்தீன் மஹ்மூதுக்கு 1976இல் அப்படி விலகி நிற்க ஓர் இடம் இருக்கவில்லை.